வன்னிக்குப் படிப்பிக்க வரும் ஒரு மகளுக்கு: நல்ல ஆசிரியரிடம் என்ன இருக்க வேண்டும்?

மகள், நீங்கள் கேட்டவை மூன்று. கல்வியியற் கல்லூரிப் படிப்பை முடித்து, இலங்கையின் வடக்கில், வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியராக முதல் நியமனம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை கடமையேற்கிறீர்கள். நல்ல ஆசிரியருக்கு மனுஷராகவும் ஆன்மீக வழியிலும் என்ன குணங்கள் வேண்டும் என்பது முதல் கேள்வி. கோயிலுக்கு அதிகம் போகாத உங்களுக்கு அந்த ஆன்மீகம் வாய்க்குமா என்பது இரண்டாவது. வன்னிப் பிள்ளைகள் அடிக்குத்தான் படிக்கும் என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்லி அனுப்பியது சரியா என்பது மூன்றாவது. முப்பத்திரண்டு வருஷம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் கணிதம் படிப்பித்தவள் நான். மரத்தடியிலும் கூடாரத்திலும் படிப்பித்த வருஷங்களும் அதற்குள் அடக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், திங்கள் காலையில் உங்கள் வாயில் வரப்போகிற ஒரு கேள்வியைத் தடுத்து வைக்கிறேன். புதிதாக ஒரு வகுப்புக்குள் போனால் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, பெயர் என்ன, எந்த இடம், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பது எங்களுக்கெல்லாம் பழக்கம். மூன்றாவதைக் கேட்காதீர்கள். உங்கள் வகுப்பில் இருக்கப்போகிறவர்கள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் உடம்புக்குள் எறிகணைத் துண்டோடு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கிற தகப்பன் இருப்பார். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய் இருப்பார். அம்மம்மாவின் கையில் வளர்கிற பிள்ளை, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கும் அப்பம்மாவைப் பார்த்து வளர்கிற பிள்ளை இருக்கும். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி இப்படிக் கேட்டால் அது என்ன சொல்லும்? பொய் சொல்லும், இல்லையென்றால் தலையைக் குனியும். உங்களுக்கும் அதற்கும் இடையில் முதல் நாளே ஒரு கதவு பூட்டிக்கொள்ளும்.

இதை நான் எவரிடம் கற்றேன் என்றும் சொல்ல வேண்டும். 2009இல், இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் வகுப்புத் தொடங்கிய நாள். பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடான இடாப்பு இல்லை. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்றும் தெரியாது. எழுப்பி விசாரித்து எழுதுவோம் என்றேன். எங்களில் மூத்த ரீச்சர் ஒருவர், அவரும் வீட்டில் இருவரை இழந்து வந்தவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கொப்பியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "பேரை நீங்களே எழுதித் தாங்கோ" என்றார். கொப்பி சுற்றி வந்தது. ஒரு பெண்பிள்ளை தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே தம்பியின் பெயரையும் எழுதியிருந்தாள். தம்பி அங்கே இல்லை. அந்த ரீச்சர் அதை அழிக்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. காலையில் பெயர் கூப்பிடும்போது அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். முகாமை விட்டு வெளியேறும்வரை அப்படியே செய்தார்.

நல்ல ஆசிரியரின் குணம் எது என்று கேட்டால் எல்லோரும் அன்பு என்றுதான் தொடங்குவார்கள். நான் அந்த ஒரு கணத்திலிருந்து தொடங்குவேன். எதைக் கேட்கக் கூடாது, எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்கிற அறிவு. அன்பு நிறைய உள்ளவர்கள்கூட அது இல்லாமல் பிள்ளைகளை நோகடித்ததைப் பார்த்திருக்கிறேன். பரிதாபப்பட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொப்பி வாங்கிக் கொடுப்பதும் அந்த வகைதான்.

நீங்கள் தமிழ் ஆசிரியர், நன்னூலின் பாயிரத்தை மனப்பாடமாகவே வைத்திருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை சொன்னார். பரீட்சைக்கு எழுதியதோடு விட்டுவிடாமல் நிலத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். பொறுமைக்காகத்தான் நிலம் என்று பலரும் நினைக்கிறோம். அவர் இன்னொன்றும் சொல்கிறார்: பருவத்துக்கும் உழவனின் முயற்சிக்கும் ஏற்ற அளவில்தான் நிலம் பலன் தரும். இதை விளங்கிக்கொள்ள வன்னியைவிட நல்ல இடம் இல்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் ஒவ்வொரு வருஷமும் சிறுபோகக் கூட்டம், அதாவது கோடை நெல் விதைப்புக்கான கூட்டம், நடக்கும். 36 அடிக் குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். விதைக்க ஆசைப்படுகிற காணியின் அளவை வைத்து எவரும் தீர்மானிப்பதில்லை. அப்படிச் செய்தால் கதிர் வருகிற நேரத்தில் பயிர் எரிந்து போகும்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தத் தவறைத்தான் செய்கிறோம். எட்டாம் ஆண்டு என்றால் எட்டாம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கிறோம். பின் வாங்கில் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கிற நிலையில் இருக்கும். இரண்டு வருஷம் அதை எவருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு இருந்திருக்கும். முதல் இரண்டு கிழமையும் பாடத்திட்டத்தை நினைத்துப் பதறாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்குக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், ஒரு சின்னப் பந்தி வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்குக் கேட்கக் கூடாது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

நேரத்துக்கு வருவது, பாடத்தை ஆயத்தம் செய்துகொண்டு வருவது, தெளிவாக எழுதுவது இவற்றையெல்லாம் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். சொல்லித் தராதது ஒன்று இருக்கிறது. என் பிழையிலிருந்துதான் அதைச் சொல்ல முடியும்.

ஒன்பதாம் ஆண்டுக்குப் பரப்பளவு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பரப்பு என்பது எங்கள் பக்கத்துக் காணி அளவு. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்று கரும்பலகையில் எழுதினேன். நான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணிக் குடும்பத்தில் பிறந்தவள், எனக்குத் தெரிந்தது அதுதான். பூநகரிப் பக்கம் வயல் உள்ள ஒரு பெடியன் கையை உயர்த்தி, "ரீச்சர், எங்கட வயலுக்கு ஏக்கருக்கு இருபத்திநாலு பரப்பு" என்றான். பிழை, இரு என்றேன். "அப்பு அப்படித்தான் சொல்லுறவர்" என்றான். அப்புவையே வந்து படிப்பிக்கச் சொல் என்றேன். வகுப்பு சிரித்தது.

அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நில அளவையாளர் ஒருவரிடம் கேட்டேன். இரண்டும் சரி என்றார். குழி என்பது பரப்பைவிடச் சின்ன அளவு. தோட்டக்காணிக்கு வரகுப் பரப்பு, அது 18 குழி. வயலுக்கு நெல்லுப் பரப்பு, அது 12 குழி. 18ஐ 16ஆல் பெருக்கினாலும் 288, 12ஐ 24ஆல் பெருக்கினாலும் 288. எவ்வளவு அழகான கணக்கு! மறுநாளே வகுப்பில் வைத்திருந்தால் என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல பாடமாக அது இருந்திருக்கும். நான் மூன்று கிழமை வாயைத் திறக்கவில்லை. பிழை என்று ஒப்புக்கொண்டால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். கடைசியில் சொன்னேன். அவன் "பரவாயில்லை ரீச்சர்" என்றான். ஆனால் அடுத்த இடப்பெயர்வில் அந்தக் குடும்பம் வேறு பக்கம் போகும்வரை அவன் என் வகுப்பில் ஒருநாளும் கையை உயர்த்தவில்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. ஆன்மீகம் என்று எதைச் சொல்கிறோம்? யோகர் சுவாமிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1872இல் பிறந்து 1964இல் சமாதியானவர். துறவு பூணுவதற்கு முன் அவர் கிளிநொச்சியில், நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியக் காப்பாளராக வேலை செய்தவர். நீங்கள் பஸ்ஸில் கடந்து வரப்போகிற இதே மண்ணில்தான் சாமான்களைக் கணக்கெண்ணிக்கொண்டு இருந்தார். அவருடைய குரு நல்லூர்த் தேரடிச் செல்லப்பா சுவாமிகள். அந்தப் பரம்பரையின் மகாவாக்கியங்கள் நான்கு: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாமறியோம், முழுதும் உண்மை.

நாமறியோம். அறியாதவர் வாயிலிருந்து வந்தால் அது வெறும் வார்த்தை. அறிந்தவர் ஒருவர் தம் அறிவைப் பெரிதாக எண்ணாமல் சொல்லும்போதுதான் அதற்குப் பாரம் உண்டு. அன்றைக்கு அந்தப் பெடியனிடம், "இது எனக்குத் தெரியாது அப்பன், கேட்டுக்கொண்டு வந்து சொல்லுறன்" என்று ஒரு வசனம் சொல்ல என்னால் முடியவில்லை. விரதம் பிடித்தேன், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்தே போனேன், தேவாரமும் பாடினேன். அந்த ஒரு வசனம் மட்டும் வாயில் வரவில்லை. ஆதலால் கோயிலுக்குப் போவது குறைவு என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். போனால் நல்லது, எனக்கு அது பெரிய துணை. ஆனால் ஆசிரியரின் ஆன்மீகத்தை அளக்கிற இடம் வகுப்பறை. நான் என்கிறது எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று ஒரு பிள்ளையின் கேள்வி ஐந்து விநாடியில் காட்டிவிடும்.

அடி விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2016இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சுற்றறிக்கை இல்லாவிட்டாலும் அடிக்காதீர்கள். உங்களுக்குச் சொல்லி அனுப்பிய பெரியவரைப் போன்றவர்கள் வழக்கமாக ஒரு நியாயம் வைப்பார்கள். பழைய குருமார் ஏசியும் துரத்தியும்தானே சீடரை ஆக்கினார்கள், செல்லப்பா சுவாமிகளே அப்படித்தானே என்பார்கள். உண்மை, அவர் வந்தவர்களை ஏசித் துரத்தியவர்தான். ஆனால் அவரிடம் போனவர்கள் வளர்ந்த மனுஷர். தேடித் தாங்களாகப் போனவர்கள். திரும்பி வர அவர்களுக்குக் கால் இருந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை உங்களைத் தேடி வரவில்லை. இடாப்பில் பெயர் இருக்கிறது, வந்து உட்கார்ந்திருக்கிறது. எழும்பிப் போக அதற்கு வழியில்லை. அந்தப் பிள்ளை மீது குருவின் கோபத்தை எடுத்து வீசுவது பாவம் என்றே சொல்வேன். அதோடு, தகப்பனின் கை உயர்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நீங்கள் பிரம்பை எடுத்து மேசையில் வைத்தாலே அவர்களுக்குக் காது அடைத்துவிடும். நீங்கள் சொல்கிற இலக்கணம் உள்ளே போகாது.

கோபம் வராதா? வரும். எனக்கு நிறைய வந்தது. கோபம் வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வரி எழுதுவேன். எழுத்து நேராக வந்த பிறகுதான் பிள்ளைகளைப் பார்ப்பேன்.

நன்னூலார் நிறைகோல் என்று சொன்னது தராசு. நடுநிலை. இதைப் பற்றி எங்கள் ஆட்கள் மேடையில் பேசமாட்டார்கள், ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல. காடு வெட்டினார்கள், கூலிக்கு வயல் செய்தார்கள், எங்களோடு சேர்ந்து எல்லா இழப்பையும் பட்டார்கள். ஆனாலும் அவர்களின் பிள்ளைகளைத் தோட்டக்காட்டான் என்று சொல்கிற வாய்கள் இன்னும் இருக்கின்றன. ஆசிரியர் அறையிலும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை "என்னாங்க ரீச்சர்" என்று பேசினால் வகுப்பு சிரிக்கும். அப்போது உங்கள் முகத்தைத்தான் எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். நீங்களும் ஒரு மெல்லிய சிரிப்புச் சிரித்தால் வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை வாய் திறக்காது. நீங்கள் தமிழ் ஆசிரியர் என்பதால் இது உங்களிடம் இன்னும் கூடுதலாக வந்து சேரும். யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை அந்தப் பேச்சுக்கும் உண்டு. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மீண்டும் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விஷயத்திலும் அதே தராசைப் பிடியுங்கள்.

ஆசிரியராகத் தகாதவர் எவர் என்றும் நன்னூல் உவமை சொல்கிறது. அவற்றில் இரண்டு எங்கள் காணிக்குள்ளேயே நிற்கின்றன. ஒன்று மடற்பனை. மட்டை கழிக்காத பனையில் ஏற முடியாது, கருக்கு கிழித்துவிடும். தானாக விழுகிற பழத்தைத்தான் பொறுக்கலாம். முகத்தைக் கருக்குமட்டை போல வைத்துக்கொண்டு, தான் நினைத்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ஆசிரியர் அவர். மற்றது முடத்தெங்கு. ஒரு வளவில் தண்ணீர் குடித்து வளர்ந்து, வளைந்து போய் அடுத்த வளவுக்குள் தேங்காய் போடும். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடத்தை அரையும் குறையுமாக விட்டு, பின்னேரம் ரியூசனில் அதே பாடத்தைத் திறமாகச் செய்கிறவர்களை நினைக்கும்போது இந்த உவமைதான் எனக்கு ஞாபகம் வரும். ரியூசன் கொடுப்பதே தவறு என்று சொல்லமாட்டேன், சம்பளம் போதாத வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் காலையில் உங்கள் முன்னால் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பங்கை எடுத்துப் பின்னேரம் விற்காதீர்கள்.

இன்னொன்று. கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்ததும் இடமாற்றம் எடுத்து ஊருக்குப் போவீர்கள். போக நினைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. உங்களுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். ஆனால் வன்னிப் பிள்ளைகள் ஆசிரியர் போவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். புது ரீச்சர் வந்தால் எத்தனை மாதம் இருப்பார் என்று தங்களுக்குள்ளே கணக்குப் போடுவார்கள். போரின்போது இங்கே பள்ளிக்கூடங்களைத் தாங்கியவர்களில் பலர் தொண்டர் ஆசிரியர்கள். கையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் வருஷக்கணக்கில் நின்றவர்கள். படிப்பில் எங்களைவிடக் குறைந்தவர்களாக இருக்கலாம், ஆனால் நாளைக்கும் அவர் வருவார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் இருக்கிற காலம் முழுவதும் இருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு மாங்குளம் சந்தியில் நிற்காதீர்கள்.

ஆன்மீகம் என்று நான் நம்புகிற பெரிய விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் குருவின் வேலை என்ன என்பதற்கு மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் ஒரு கதையை உள்ளே வைத்திருக்கிறார். அரசன் மகன் ஒருவன் வேடருக்குள் அகப்பட்டு வளர்கிறான். தானும் வேடன் என்றே நினைத்துக்கொள்கிறான். ஒருநாள் தகப்பன் வந்து, நீ இவர்களில் ஒருவன் இல்லை, என் பிள்ளை என்கிறான். ஐந்து புலன்களாகிய வேடருக்குள் உயிர் தன்னை மறந்து வளர்வதையும், இறைவனே குருவாய் வந்து உணர்த்துவதையும் அப்படிச் சொல்கிறார். பள்ளிக்கூட ஆசிரியரை அந்தக் குருவின் இடத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. ஆனாலும் "எனக்கு மண்டைக்குள்ள ஏறாது ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போதெல்லாம் இந்தக் கதைதான் எனக்கு ஞாபகம் வரும். அதை எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலோ, போன வருஷ வகுப்பிலோ. பிள்ளை அதை நம்பி, அதாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது. நீ அது இல்லை என்று சொல்ல ஒருவர் வர வேண்டும். வாயால் சொன்னால் போதாது. அது செய்யக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்து, செய்ய வைத்து, பார், நீதான் செய்தாய் என்று காட்ட வேண்டும். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு ஒரு வசனம் வாசிக்க வைத்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் செய்தது பூசைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். இறங்கிக் கும்பிடுகிறவர்கள் கும்பிடுவார்கள், கச்சான் வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். ஓடிவந்த வாகனம் அந்த இடத்தில் நின்றுதான் போகிறது. நான் வகுப்பறை வாசலில் அப்படி ஒரு கணம் நிற்கப் பழகினேன். நேற்று என்னை எரிச்சல்படுத்திய பிள்ளையின் முகத்தை நினைத்து, அந்தக் கணக்கை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே போவேன். கடவுளை நம்பாதவர்களும் இதைச் செய்யலாம்.

மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பஸ்ஸைப் பிடியுங்கள். இருட்டுக்கு முன் போய்ச் சேருங்கள், ரோட்டில் யானை நிற்கும். திங்கள் காலை முதல் பாடத்துக்கு முன் அதிபரிடம் இடாப்பை வாங்கிப் பெயர்களை இரண்டு தரம் வாசித்துப் பாருங்கள். எந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தெரியாவிட்டால் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். முதல் இரண்டு கிழமையும் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனை பிள்ளை எழுத்துக் கூட்டுகிற நிலையில் இருக்கிறது என்றும் எழுதுங்கள், அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.